திலகவதி என்கிற ஷைனி

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

துவரம் பருப்பு மறுபடியும் ஏறிவிட்டது. இந்த மாதம் வாரத்தில் இரண்டு நாள் பாசிப்பருப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அவரிடம் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். சொல்லாமல் செய்தால் கவனிக்கவே மாட்டார்.

புதுவாயல் கடைத்தெருவில் இன்று ஏதோ சரியில்லை. மளிகைக் கடையில் நான் போய் நின்றதும் பேச்சு நின்றது. பருப்பை நிறுத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: “இன்னாக்கா, மருமக வேலைக்குப் போய்க்கினுதானே கீது?” போகாமல் என்ன, போகிறாள் என்றேன். “சும்மா கேட்டேன்கா” என்றார். சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை.

ஷைனி கம்பெனியிலிருந்து வந்தவள் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். தலைவலியாம். என் பிள்ளை ஸ்டீவன் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தான். வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் என்னவோ தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 7, புதன்

தெரிந்துவிட்டது. 

அங்கன்வாடி பிரின்சி டீச்சர் காலையில் வந்தாள். எங்கள் தெருவின் வாக்காளர் பட்டியல் வேலையும் அவள்தான் பார்க்கிறாள். “அக்கா, நீங்க வேற யார் மூலமாவது பாக்குறதுக்குள்ள நானே காமிச்சிடறேன்” என்று போனை நீட்டினாள்.

வாக்காளர் பட்டியலின் இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்: பெயர் திலகவதி, தந்தை துளசிராமன். மற்றது எங்கள் தெரு: பெயர் ஷைனி, கணவர் ஸ்டீவன். இரண்டிலும் என் மருமகள் முகம். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே கொட்டை எழுத்தில்: ‘ஒரே முகம், ரெண்டு பேரு, ரெண்டு மதம், ரெண்டு ஓட்டு! இந்த மாதிரி எத்தனை லட்சம் பேரோ!’

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவன் ஜெகன். முனையில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறவன், ஒரு கட்சிக்குப் பூத் ஏஜெண்ட். பட்டியல் அவன் கைக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. அவன் மனைவிக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம்தான் தாய்வீடு. அவளுக்கு ஷைனியைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

ஆமாம், என் மருமகள் திலகவதியாகத்தான் பிறந்தாள். ஸ்டீவனும் அவளும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பழகினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தாள். ஷைனி என்ற பேரை நான்தான் வைத்தேன். பேருக்குப் பொருத்தமான முகம். அரசாங்கக் கெசட்டில் போட்டு ஆதார், ரேஷன் கார்டு, ஓட்டுக் கார்டு எல்லாவற்றிலும் முறையாக மாற்றினோம். அப்பா துளசிராமன் கல்யாணத்துக்கு வரவில்லை. அன்று முதல் பேச்சும் இல்லை. பழைய ஊரில் பேர் தானாகவே வெட்டுப்பட்டுவிடும் என்று இங்கே பட்டியல் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். நம்பினோம். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

படத்தைப் போட்டது போதாது என்று இவள் பேரை இங்கேயிருந்து நீக்கச் சொல்லி ஆட்சேபமும் கொடுத்திருக்கிறானாம். விசாரணைக்கு நோட்டீஸ் வரும் என்றாள் பிரின்சி. பேர் போனால் இந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நேற்றுவரை நானே கேட்டிருப்பேன். இன்று அப்படி இல்லை. இப்போது பேர் போனால் ‘பார்த்தியா, கள்ளிதான்’ என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டாமா இவர்கள்? இரண்டு ஊரிலும் ஒரே நாளில் தேர்தல். இவள் காலையில் இங்கே ஓட்டுப் போட்டு, விரல் மையைத் தேய்த்து அழித்து, பெரியபாளையம், திருவள்ளூர், திருத்தணி என்று பஸ் மாறிப் பள்ளிப்பட்டு போய், முகம் பார்த்துப் பேசாத அப்பன் எதிரில் வரிசையில் நின்று, குழந்தையிலிருந்து பார்த்த ஊர்க்காரர்கள் முன்னால் இன்னொரு ஓட்டுப் போட வேண்டுமாம். எதுக்கு? இன்னா கிடைக்கும் அவளுக்கு? யாராவது ஒருத்தர் கேட்டீங்களாடா இத?

பிப்ரவரி 8, வியாழன்

கம்பெனியில் லைனில் நிற்கிற பெண்கள் அவளை ‘ரெண்டு ஓட்டு’ என்று கூப்பிடுகிறார்களாம். “ரெண்டு ஓட்டு, அந்தப் பெட்டிய இப்டி தள்ளு.” சொல்லிவிட்டுச் சிரிக்கவும் பார்த்தாள் பாவம். சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆராதனைக்கு ஷைனி வரவில்லை. முடிந்து வெளியே வந்ததும் ஆசீர்வாதம் அண்ணன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஜெபம் பண்ணிக்கிறேன் ஞானம்மா. புள்ள தெரியாம செஞ்சிருக்கும்.”

“இன்னாத்த செஞ்சுது?”

“அதான்... ரெண்டு ஓட்டு.”

“நீ பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன்? எல்லாரும் சொல்றாங்களே.”

பத்துக் கட்டளையில் களவு மட்டும்தான் பாவமா? பொய்ச்சாட்சி எங்கே போயிற்று? ஒன்பது பேர் கையில் வேதத்தை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் ‘அப்படி இருக்காது’ என்று வரவில்லை. ஆயரிடம் சொன்னேன். பொறுமையாய் இருங்கள் அம்மா என்றார். பொறுமை என்றால் வாயை மூடிக்கொள்வது என்று யார் இவருக்குச் சொன்னது?

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

உபவாசம். வயிறு காலி, கோபம் மட்டும் நிறைய. லெந்து நோன்பு தொடங்கும் நாளில் இப்படி எழுதுவது சரியில்லைதான். ஆனாலும் எழுதுகிறேன்.

வீட்டுக் கணக்கில் வரவு எங்கே, செலவு எங்கே என்று தெரியாமல் ஒரு வரியும் எழுதியதில்லை நான். இந்தக் கள்ள ஓட்டுக் கணக்கை மட்டும் ஏன் யாரும் கேட்கக்கூடாது? நேராக ஜெகன் கடைக்கே போனேன்.

“தம்பி, எத்தினி எலெக்ஷன் பூத்துல ஒக்காந்திருக்க?”

“மூணு இருக்கும் ஆன்ட்டி.”

“எத்தினி கள்ள ஓட்டு புடிச்ச?”

கழுத்தைச் சொறிந்தான். “நம்ம பூத்துல இல்ல. ரைஸ் மில்லு பூத்துல புடிச்சாங்க. பென்னி சொன்னான்.”

பென்னி பஞ்சர் கடையில் இருந்தான். “நான் பாக்கலக்கா. மில்லு வாட்ச்மேனு ஆசீர்வாதம் பெரியப்பா சொன்னாரு.”

ஆசீர்வாதம் அண்ணன் மில் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “நான் இன்னாத்த கண்டேன்? டீக்கடைல பேசிக்கினாங்க.”

டீக்கடையில் கேட்டால், டீவியில் காட்டினார்களாம். எந்த ஊரில்? “அது எங்கயோ வடக்கக்கா. நம்ம ஊருன்னு யார் சொன்னா?”

எங்கள் தெருவிலிருந்து புறப்பட்ட கள்ள ஓட்டு ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கே எங்கேயோ ரயில் ஏறிவிட்டது! திரும்பிப் போகப் பார்த்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த குப்புராஜ் மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் போடப் போனேம்மா” என்றார்.

டீக்கடையே அவரைப் பார்த்தது. எத்தனையோ வருடத்துக்கு முந்தைய கதை. தம்பி லாரியில் வெளியூர் போயிருந்தானாம். அவன் ஓட்டுச் சீட்டு வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று இவர் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். “அப்பா பேர் கேட்டாங்கோ, சரியா சொல்ட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன்தானே. உள்ள ஒக்காந்திருந்தவன் எல்லாம் நம்ம தெரு பசங்கோ. ஒருத்தன் கேட்டான், ‘குப்புராஜண்ணா, காலைலதானே வந்து போட்டுப் போன, மறுபடி இன்னா, டீ, பொறை எதனா குடுக்குறாங்களா?’ன்னு. வெரல பாத்தாங்கோ, மை. கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளிட்டாங்கோ. அன்னிலேர்ந்து எலெக்ஷன்னாலே எனக்கு வெக்கமா கீதும்மா.”

தேடித் தேடிக் கிடைத்தது இந்த ஒன்றுதான். அதுவும் பெட்டியில் விழாத ஓட்டு. எங்கேயும் நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆசை யாரை விட்டது? ஆனால் தெருக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் போய் அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று குப்புராஜ் மாமாவைக் கேட்டால் தெரியும். அதை விட்டுவிட்டு ‘எத்தனை லட்சம் பேரோ’ என்று எழுதுகிறான். லட்சம் என்று எழுதுகிற கைக்கு ஒன்றைக் காட்டத் தெரியவில்லை.

வீட்டில் அவர் சொன்னார்: “உனக்கு இன்னாத்துக்குடி இந்தப் பேஜாரு? நாலு நாள்ல அவனுங்களே மறந்துருவானுங்க.”

அவனுங்க மறந்துருவானுங்க. இவ மறப்பாளா?

பிப்ரவரி 17, சனி

நோட்டீஸ் வந்தது. மார்ச் 5, தாலுகா ஆபீசில் விசாரணை. மேலே ‘திலகவதி என்கிற ஷைனி’ என்று போட்டிருக்கிறார்கள். பேப்பரில் சங்கிலி பறித்தவர்களுக்குத்தான் இப்படி ‘என்கிற’ போட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். கணக்கு எழுதவும் வேதம் படிக்கவும் வரும், ஆபீஸ் தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நாலு தரம் படித்தும் ஒன்று விளங்கவில்லை. பள்ளிப்பட்டில் அந்தப் பேர் ஏன் இன்னும் இருக்கிறது? பிரின்சியைக் கேட்டேன். “வருஷா வருஷம் ஊடு ஊடா போய்க் கேப்போம்கா. ஆள் இல்லேன்னு ஊட்டுக்காரங்க சொன்னா வெட்டிடுவோம். அங்க யாரோ இருக்கான்னு சொல்லிக்கினு வர்றாங்க.”

யாரோ என்றால் யார்? அந்த வீட்டில் இருப்பது ஒரே மனிதர். துளசிராமன்.

ஷைனியிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. “நைனா வேணும்னே செய்யறாரா அத்தை? என்ன மாட்டி வுடறதுக்கா?”

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆண்டவர் அறிவார், அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 24, சனி

பள்ளிப்பட்டு போய் வந்தேன். உடம்பெல்லாம் புழுதி. ஷைனி வரமாட்டேன் என்றுவிட்டாள். அவரும் நானும் போனோம். ஊர் எல்லையில் பஸ் இறங்கியதும் “நீ பேசு, நான் இங்க டீ சாப்டுக்கினு இருக்கேன்” என்று நழுவினார். ராஜமாணிக்கம் என்று பேர் வைத்தவர்கள் இவர் தைரியத்தைப் பார்த்து வைக்கவில்லை.

துளசிராமன் கழனியில் மோட்டார் ரூம் பக்கம் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் மண்வெட்டியைக் கீழே வைத்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நானும் உட்காரப் போகவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை நின்றபடியே கொட்டினேன். பெற்ற பெண்ணைத் திருடி என்று போனில் போட்டு ஊர் முழுக்க அனுப்புகிறார்கள், தெரியுமா? கம்பெனியில் பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், தெரியுமா? எல்லாம் உங்களால். மனது ஆறவில்லை என்றால் எங்களைத் திட்டுங்கள், என் பிள்ளையைத் திட்டுங்கள். அவள் பேரை ஏன் இங்கே பிடித்து வைத்துக்கொண்டு...

“பேச்ச நிறுத்தும்மா” என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். மோட்டாரை நிறுத்தப் போனார். தண்ணீர் நின்றதும் அந்த இடமே அமைதியாகிவிட்டது.

“அந்த டீச்சரம்மா வருஷா வருஷம் வருது. படிச்சுக் காட்டுது. துளசிராமன், இருக்கேன்றேன். திலகவதின்னு படிக்குது. இருக்குறாளான்னு கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?”

“கல்யாணம் ஆயிப் போயிட்டான்னு சொல்றது.”

“கல்யாணத்துக்குத்தான் நான் போவலியே.” மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் வழித்தார். “ஊர்ல அல்லாரும் தலை முழுவிடுன்னாங்கோ. என் தங்கச்சி காரியமே பண்ணிடலாம்னா. நான் பண்ணல. செத்தவங்களதான்மா இல்லேன்னு சொல்லுவாங்கோ. அவ இருக்குறா. எங்கயோ இருக்குறா. இருக்குறான்னுதான் சொன்னேன்.”

கையில் எடுத்திருந்த நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இதுதான் ஐயா அந்தக் கள்ள ஓட்டு. இதுதான் ஜெகன் சிவப்பு வட்டம் போட்ட சதி. மகளோடு பேசாத ஒரு மனிதர், வருடத்துக்கு ஒருமுறை வந்து கேட்கும் டீச்சரிடம் ‘இருக்கிறாள்’ என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு அது ஓட்டுப் பட்டியல் என்றே தோன்றியிருக்காது.

விசாரணைத் தேதியைச் சொல்லி, என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். வருவீர்களா என்றேன். “டப்பு கட்டணுமா?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் வரப்பில் ஏறும்போது பின்னாலிருந்து, “நாஷ்டா துன்னுட்டுப் போம்மா” என்றார்.

உபவாச நாட்கள்தான். தின்றேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஷைனியிடம் சொன்னேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு வெகு நேரம் இருந்தாள்.

மார்ச் 5, செவ்வாய்

தாலுகா ஆபீஸ். ஜெகன் இன்னும் இரண்டு பேரோடு வந்திருந்தான், கல்யாணத்துக்கு வந்தது போல இஸ்திரி சட்டையில். ஷைனி என் முந்தானையைப் பிடிக்காத குறை.

அதிகாரி நல்ல மாதிரியா கெட்ட மாதிரியா என்று தெரியவில்லை. களைத்த மாதிரி. அவர் மேஜைமேல் இதே போன்ற ஆட்சேபங்கள் ஒரு கட்டு இருந்தன. எங்களுக்கு முன்னால் போனவர் செத்துப்போனதாக எழுதிக் கொடுக்கப்பட்டவர். நேரில் வந்து நின்று, “சார், நான் சாவல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரே பேருள்ள இரண்டு பெண்கள். இருவரும் வந்து நின்றதும் அதிகாரிக்கே சிரிப்பு. இத்தனை கூட்டத்தில் இரண்டு ஓட்டுப் போட்டவர் ஒருவரும் இல்லை. இறந்தவரை வெட்டவில்லை, வீடு மாறியவரை எழுதவில்லை, பிழையாக எழுதினார்கள் – எல்லாம் இப்படித்தான். கறுப்பு இங்கில் நடந்த தவறுக்கெல்லாம் சிவப்பு இங்கில் திருட்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதிகாரி ஜெகனைக் கேட்டார்: “ரெண்டு இடத்துல பேர் இருக்கு, சரி. ரெண்டு இடத்துல ஓட்டுப் போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு ஆதாரம்?”

“பேர் இருந்தா போடுவாங்க சார்.”

“உங்க வீட்டுல கத்தி இருக்கா?”

ஜெகன் விழித்தான். கூட வந்தவன்தான் “பதில் சொல்லுடா” என்று இடித்தான்.

அப்போது வாசலில் வெள்ளைச் சட்டையில் துளசிராமன் நின்றார். எத்தனை மணிக்குப் புறப்பட்டாரோ. ஷைனி பார்த்துவிட்டாள். என் கையை இறுக்கியதில் வளையல் பதிந்துவிட்டது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. நேராக மேஜைக்குப் போனார்.

“நான் இந்தப் பொண்ணோட நைனா சார். அங்க நான்தான் இருக்குறான்னு சொன்னேன். அது இங்கதான் கீது. எல்லா எலெக்ஷனும் நான் பூத்து தொறக்கற அப்பவே போயி மூடற வரிக்கும் நிப்பேன். ஒரு தரம் கூட அது வர்ல.” குரல் கொஞ்சம் உடைந்தது. “வந்திருந்தா பாத்திருப்பேனே.”

அதிகாரி பேனாவை எடுத்தார். 

இங்கே பேர் நிற்கும், பள்ளிப்பட்டில் நீக்கப்படும் என்று அதிகாரி எழுதினார். துளசிராமன் அங்கேயே நின்றார்.

“அங்க வெட்றீங்களே சார், காரணம் இன்னான்னு போடுவீங்கோ?”

“குடிபெயர்ந்தவர்.”

“செத்துட்டான்னு போட மாட்டீங்களே?”

“இல்லைங்க.”

“அப்டியே போடுங்கோ சார். தெளிவா போடுங்கோ.”

கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து மரத்தடியில் ஷைனியும் அவரும் எதிரெதிராக நின்றார்கள்.  அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கத் தண்ணீர் தேடினார். இவள் தன் பாட்டிலை நீட்டினாள். குடித்தார். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மார்ச் 6, புதன்

ஜெகனிடம் போய்க் கேட்டேன். அந்தப் படத்தைப் போட்ட குரூப்பிலேயே, பேர் சரி, தப்பு இல்லை என்று இப்போது போடு.

“அதெல்லாம் போட்டா யார் படிப்பா ஆன்ட்டி?” என்றான். “இன்னிக்கு ஜெயிச்சிட்டீங்கோ. பூத்துல பாத்துக்கலாம்.”

ஜெயித்தோமாம். எதில் ஜெயித்தோம்? எங்களுடையது எங்களிடமே இருக்கிறது என்று நிரூபித்தோம். அதற்கு இவளுக்குச் சம்பளமில்லாத லீவு, அந்த மனிதருக்கு ஒரு நாள் கழனி வேலை, எனக்குத் தூக்கம். சொன்னவனுக்கு என்ன போயிற்று? ஒரு மயிரும்...

மன்னியும் ஆண்டவரே. எழுதியதை அடிக்க மாட்டேன், இருக்கட்டும்.

மார்ச் 31, ஈஸ்டர்

ஷைனி ஆலயத்துக்கு வந்தாள். பின் வரிசையில் உட்கார்ந்தாள். ஓட்டுப் போட வரமாட்டேன் என்கிறாள். “எதுக்கு அத்தை? மறுபடி யாராவது போட்டோ எடுப்பான்.” ஸ்டீவனும் அவள் இஷ்டம் என்கிறான். எனக்குப் பற்றி எரிகிறது. இவள் வராவிட்டால் ஜெகன் நினைத்தது நடந்தது என்றுதானே அர்த்தம்? ஆனால் வாயைத் திறக்கவில்லை. இவளைப் பிடித்துத் தள்ள நானும் ஒருத்தி வேண்டாம்.

ஏப்ரல் 18, வியாழன்

நாளைக்கு எந்தப் புடவை என்று கேட்டாள். என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று பார்த்தேன். பச்சையைக் கட்டிக்கொள் என்றேன்.

ஏப்ரல் 19, வெள்ளி. வாக்குப்பதிவு

வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். பெண்கள் வரிசை பள்ளிக்கூட வாசல்வரை. எனக்கு முன்னால் ஷைனி, பின்னால் ஜானகியம்மாள், அவளுக்குப் பின்னால் முத்தம்மா. எல்லாம் எங்கள் தெருதான்.

ஷைனி உள்ளே போனதும் நான் கதவருகில் வந்துவிட்டேன். அவள் பேரைப் படித்தார்கள். உடனே ஜெகன் நாற்காலியை விட்டு எழுந்தான். “ஆட்சேபம் மேடம். இந்த ஆள் அந்த ஆள் இல்ல.”

அறைக்குள் பெரிய அதிகாரி ஒரு டீச்சரம்மா. கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். “அப்படின்னா முறைப்படி செய்யணும். ரெண்டு ரூபா கட்டுங்க.”

“இன்னா?”

“ஒருத்தரை ஆள் இல்லைன்னு சொல்றதுக்கு ரெண்டு ரூபா டெபாசிட். விதி.”

ஜெகன் பத்து ரூபாய்த் தாளை நீட்டினான். சில்லறை இல்லை என்றார் டீச்சரம்மா. அவன் பாக்கெட் எல்லாம் தடவினான். கடைசியில் எதிர்க்கட்சி ஏஜெண்டிடம் இரண்டு ரூபாய் கடன் வாங்கிக் கட்டினான். கடன் வாங்கி!

டீச்சரம்மா கார்டைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், ஷைனியைப் பார்த்தார். “உன் பேர் என்னம்மா?”

ஷைனியின் முதுகு மட்டும் தெரிந்தது எனக்கு. பச்சைப் புடவை தோளில் ஆடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழையப் போனேன், போலீஸ்காரப் பெண் கையை நீட்டித் தடுத்தாள். ஆண்டவரே, அவள் வாயைத் திறக்கச் செய்யும் என்று மட்டும்...

“ஷைனி, மேடம். அதுக்கு முன்ன திலகவதி. ரெண்டும் நான்தான்.” முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். “ஓட்டு ஒண்ணுதான்.”

டீச்சரம்மா ஜெகனிடம், “உங்ககிட்ட வேற என்ன இருக்கு?” என்றார். அவனிடம் ஒன்றுமில்லை. ஆட்சேபம் தள்ளுபடி, டெபாசிட் திரும்பக் கிடைக்காது என்று எழுதிக்கொண்டார். விரலில் மை வைத்தார்கள். ஷைனி மறைப்புக்குள் போனாள். அந்தப் பீப் சத்தம் கதவுவரை கேட்டது.

அதற்குள் வரிசைக்கு விஷயம் பரவிவிட்டது. ஜானகியம்மாள் என் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிக் கத்தினாள்: “டேய் ஜெகனு! எனக்கும் ரெண்டு பேருடா. கார்டுல ஜானகியம்மா, ஊட்ல பேபி. கட்டுடா ரெண்டு ரூபா!”

“எனக்கு மூணுப்பா” என்றாள் முத்தம்மா. “ஞானஸ்நானப் பேரு கிரேசு, என் ஊட்டுக்காரன் கூப்புடறது ஏய். நீ ஆறு ரூபா எட்த்து வெச்சிக்க.”

“ஆறு ரூபா கடன் யார்ரா குடுப்பா அவனுக்கு!”

போலீஸ்காரப் பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சத்தம் போடாதீர்கள் என்று டீச்சரம்மா உள்ளேயிருந்து அதட்டும்வரை நிற்கவில்லை. சாயங்காலம் பூத் மூடும்வரை ஜெகன் வேறு யார் பேருக்கும் எழுந்திருக்கவில்லையாம்.

சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். இப்போது உட்கார்ந்து எழுதும்போது சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணைத் திருடி என்று நாலு பேர் முன்னால் சொல்ல இரண்டு ரூபாய். தப்பாகச் சொன்னால் போவதும் அந்த இரண்டு ரூபாய்தான். இரண்டு மாதமாக அவள் சாப்பிடாமல் வைத்த தட்டுகளை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அந்தப் பத்தி இன்னும் காலியாக இருக்கிறது. எவனும் வந்து நிரப்பப் போவதில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

புளி வாங்கியாயிற்று. வருடத்துக்கு ஆகும்.

ஷைனிக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். மதியம் போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது, பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம்.

“திலகா இருக்குறாளா?”

வேறு யாராக இருந்தாலும் ஷைனி என்று திருத்தியிருப்பேன். இத்தனை வருடம் எல்லோரையும் திருத்தியிருக்கிறேன்.

“இருக்குறா. இதோ குடுக்குறேன்” என்றேன்.